நன்மை வாங்கத் தகுதி யாருக்கு இல்லை?

இந்தக் கேள்வியை நாம் தேடிப் போகவில்லை. அது நம் வீடு தேடி வந்தது.

திருப்பதியில் லாட்ஜ் ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். தாத்தா காலத்திலிருந்து வேதக்காரக் குடும்பம். மகளைப் பாட்டி வீட்டில் விட்டுத் தமிழ்நாட்டிலேயே படிக்க வைத்தார். பள்ளிக் காகிதத்தில் அவள் 'இந்து ஆதிதிராவிடர்'. அந்தக் காகிதத்தால்தான் ஹாஸ்டலில் சோறு கிடைத்தது, உதவித்தொகை கிடைத்தது, நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. படிப்பு முடிந்து அப்பா அம்மாவோடு இருக்க வந்தாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனாள், நன்மை வாங்கினாள்.

கோயில் கமிட்டியில் யாரோ ஒரு பெரிய மனிதர் வாயைத் திறந்தார். "சர்க்காருக்கு ஒரு மதம், சாமிக்கு ஒரு மதமா? இப்படிப்பட்டவர்கள் நன்மைக்கு வரலாமா?" சாமியார் அவளுக்கு நன்மை மறுக்கவில்லை. அதற்கான துணிச்சல் அவருக்கு இல்லை. ஆனால் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், விசுவாசத்தை விற்றுச் சலுகை வாங்குகிறவர்களைப் பற்றிப் பேசினார். கோயிலில் இருந்த தலைகளெல்லாம் ஒரே பக்கம் திரும்பின. அன்று அந்தப் பெண் எழுந்து வரிசைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

எந்தக் கோயில், எந்தச் சாமியார் என்று நாம் எழுதப் போவதில்லை. இது ஒரு கோயிலின் கதையல்ல. சித்தூரிலும், புத்தூரிலும், நகரியிலும், ஆற்காட்டுப் பக்கத்து நம் சொந்த ஊர்களிலும் இதே கதை முணுமுணுப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1950 ஆகஸ்டு 10ந் தேதி குடியரசுத் தலைவர் பெயரில் ஓர் ஆணை வந்தது. இந்து அல்லாத எவரும் தாழ்த்தப்பட்ட சாதியாராகக் கருதப்பட மாட்டார் என்றது அதன் மூன்றாவது பத்தி. 1956ல் சீக்கியர்களுக்குக் கதவு திறந்தார்கள். 1990ல் பௌத்தர்களுக்குத் திறந்தார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் மட்டும் இன்றுவரை பூட்டு. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதே, உங்களுக்கு எதற்குச் சலுகை என்று கேட்கிறார்கள். பௌத்தத்தில் சாதி உண்டா? அங்கே கதவு திறந்தது எப்படி? இந்தத் தடையை எடுத்துவிடலாம் என்று 2007ல் ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் சொன்னது. 2022ல் இன்னொரு கமிஷனை, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் போட்டார்கள். 2023 மார்ச்சில் ஆந்திர சட்டசபையும் ஏப்ரலில் தமிழ்நாட்டு சட்டசபையும் கிறிஸ்தவரான தாழ்த்தப்பட்டவர்களுக்கும் அந்த உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டன. தீர்மானம் தீர்மானமாகவே இருக்கிறது.

ஆந்திராவில் தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவீதம். அதே மனிதன் கிறிஸ்தவன் என்று எழுதிக் கொடுத்தால் பிற்பட்டோர் பட்டியலில் 'சி' பிரிவு, 1 சதவீதம். ஞானஸ்நானத் தண்ணீரின் விலை பதினான்கு சதவீதம். இடம்பெயர்ந்து வந்த நமக்கோ இன்னொரு வரியும் உண்டு. ஒரு மாநிலத்துச் சாதிச் சான்றிதழ் இன்னொரு மாநிலத்தின் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்று 1990ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக அந்தப் பெண்ணின் காகிதம் எல்லையைத் தாண்டினாலும் செல்லாது, கோயில் வாசற்படியைத் தாண்டினாலும் செல்லாது!

இது வெறும் படிப்பு, வேலை சமாசாரம் இல்லை. ஆந்திராவில் ஒரு பாதிரியார் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள், அடித்தார்கள் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தார். 2025 ஏப்ரல் 30ந் தேதி உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. கிறிஸ்தவரானவர் தாழ்த்தப்பட்டவர் இல்லை, எனவே அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்றது. திட்டுகிறவன் ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்துவிட்டா திட்டுகிறான்?

அதற்கு முன்னால் 2024 நவம்பர் 26ந் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரியில் ஒரு பெண் சர்க்கார் எழுத்தர் வேலைக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டார். வில்லியனூர் லூர்து மாதா கோயிலில் 1991 ஜனவரியில், கைக்குழந்தையாக, அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவை எடுத்துப் பார்த்தார்கள். ஒழுங்காகக் கோயிலுக்குப் போகிறவர் என்பதும் அவருக்கு எதிரான சாட்சியானது. விசுவாசம் இல்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

வாசகர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். பூசைக்குப் போவதே சாட்சியம் ஆகிறது. கோர்ட்டு, "நீ நன்மை வாங்குகிறாய், ஆகவே காகிதத்துக்குத் தகுதியில்லை" என்கிறது. கமிட்டிப் பெரிய மனிதர், "நீ காகிதம் வாங்குகிறாய், ஆகவே நன்மைக்குத் தகுதியில்லை" என்கிறார். இரண்டு பக்கமும் அடி வாங்குவது மத்தளம் மட்டும்தான் என்று நினைத்திருந்தோம்.

காகிதம் வைத்திருக்கும் நம் குடும்பங்களுக்கு ஆபத்து இல்லை என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். சான்றிதழ் ரத்தாகலாம், வேலையும் போகலாம். பொய் எழுதுவது நல்லது என்றும் நாம் சொல்லவில்லை. அந்தப் பொய்யின் பாவம் யார் தலையில் விழ வேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

சித்தூர் பார்லிமென்ட் தொகுதி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. திருப்பதி பார்லிமென்ட் தொகுதியும் அப்படியே. சட்டசபைக்கு சத்தியவேடு, கங்காதர நெல்லூர், பூதலப்பட்டு. இந்த இடங்களில் ஒரு தாழ்த்தப்பட்ட மனிதன் "நான் கிறிஸ்தவன்" என்று மனச்சாட்சிப்படி எழுதிக்கொடுத்து ஒதுக்கீட்டு இடத்தில் நிற்க முடியாது. ஜெகன்மோகன் ரெட்டி கிறிஸ்தவர், அதை அவர் மறைத்ததில்லை. 2019 முதல் 2024 வரை முதலமைச்சராக இருந்தார். 2024 செப்டம்பரில் திருமலைக்குப் போக இருந்தபோது, வேற்று மதத்தார் தரவேண்டிய உறுதிமொழிப் படிவத்தை வைத்துப் பெரிய ரகளை ஆயிற்று. பயணத்தை விட்டுவிட்டார். நான்கு சுவருக்குள் பைபிள் படிப்பேன் என்று பத்திரிகைக்காரர்களிடமே சொன்னார். நாம் அவரைக் குறை சொல்ல வரவில்லை. அவருக்குப் போனது ஒரு பயணம்தான். ரெட்டியாகப் பிறந்தவர் பைபிள் படித்தால் எந்தத் தொகுதியும் மூடாது, எந்தச் சான்றிதழும் ரத்தாகாது. சேரியில் பிறந்தவர் அதே பைபிளைத் திறந்தால் எல்லாம் மூடிக்கொள்கிறது. ஆக, பொது வாழ்க்கையில் மனச்சாட்சி என்பதும் சாதி பார்த்துத்தான் கிடைக்கிறது.

அமெரிக்காவிலும் நன்மைச் சண்டை நடந்தது. கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தார் என்பதற்காக 2022 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ பேராயர், நான்சி பெலோசிக்குத் தம் மறைமாவட்டத்தில் நன்மை கொடுக்கக் கூடாது என்றார். அடுத்த மாதமே அந்த அம்மாள் ரோமாபுரியில் போப்பாண்டவர் முன்னிலையில் நடந்த பூசையில் நன்மை வாங்கினார். அங்கே விவாதம் சட்டம் போடுகிறவர்களைப் பற்றியது. இங்கே கூட்டிப் பெருக்குகிறவர் மகளைப் பற்றியது! 1949ல் ரோமாபுரியின் ஆணை, கம்யூனிஸ்டுக் கட்சியில் சேருகிறவர்களுக்குத் தேவதிரவிய அனுமானங்கள் கிடையாது என்றது. சரி, கோயிலுக்குள் சாதிச் சுவர் எழுப்பியவர்களுக்கு அப்படி ஓர் உலக ஆணை வந்ததுண்டா? வடக்கன்குளத்தில் கோயிலுக்குள்ளேயே சாதி பிரித்த சுவரை 1910ல் கௌசானல் சாமியார் இடித்தார், அவரை மெச்சுகிறோம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர். 2008 மார்ச்சில் எறையூரில் தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதில் தொடங்கிய சண்டை போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, இரண்டு பேர் செத்தார்கள். சாதி பார்ப்பதை ஏற்க முடியாது என்று 2003ல் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடமே சொன்னார். 2016ல் இந்திய ஆயர் பேரவை சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்று கொள்கை அறிக்கையில் எழுதியது. அந்தப் பாவத்தில் பிடிவாதமாக இருப்பவர் நன்மைக்கு வரும்போது எந்தத் தலை திரும்புகிறது?

திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது? 1983ம் வருஷத்துத் தொகுப்பில் 916ம் விதி, சாவான பாவம் தன்னிடம் உண்டென்று உணர்கிறவன் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நன்மை வாங்கக் கூடாது என்கிறது. அதை எடைபோடுவது அவனவன் மனச்சாட்சி, கமிட்டியல்ல. அதற்கு முந்திய 915ம் விதி, ஊரறிந்த பெரும் பாவத்தில் பிடிவாதமாக நிற்பவனுக்குக் கொடுக்கலாகாது என்கிறது. சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் நம் குழந்தைகளே ஒப்பிக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு வாத்தியார் எழுதிய ஒரு வார்த்தையில் சம்மதம் எங்கே, அறிவு எங்கே?

அந்தப் பெரிய மனிதர் வேதம் படிக்கிறவர் என்று கேள்வி. கொரிந்தியருக்குச் சின்னப்பர் எழுதிய முதல் நிருபத்தில் பதினோராம் அதிகாரத்தை அவர் மறுபடி படிக்கட்டும். அபாத்திரமாய் நன்மை வாங்குவது பற்றிய எச்சரிக்கை அங்கேதான் இருக்கிறது. யாரைப் பார்த்து எழுதினார்? முன்னாடியே வந்து வயிறாரத் தின்றுவிட்டு, வேலை முடித்துத் தாமதமாக வந்த ஏழைகளைப் பட்டினி போட்டு அவமானப்படுத்திய பணக்காரர்களைப் பார்த்து. அதே அதிகாரத்தைக் காட்டி ஏழையை எழுப்பி அனுப்புவது கெட்டிக்காரத்தனம்தான்.

நாமான் கதையும் உண்டு. சீரியா நாட்டுத் தளபதி, எலிசாவால் குஷ்டம் நீங்கியவன், இனி ஒரே ஆண்டவர்தான் என்றான். ஆனால் என் ராசா ரிம்மோன் கோயிலில் என் கையில் சாய்ந்து கும்பிடும்போது நானும் குனிய வேண்டியிருக்கும், அதை ஆண்டவர் மன்னிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டான். எலிசா பிரசங்கம் செய்யவில்லை. சமாதானமாய்ப் போ என்றார்.

இதைவிட நேரான சரித்திரமும் உண்டு. கி.பி. 250ல் ரோமச் சக்கரவர்த்தி டேசியுஸ், எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கு மேல் எகிப்து மணலில் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்களில் பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலேயே, கைக்காசு கொடுத்தோ சிபாரிசு பிடித்தோ, பலியிட்டதாகக் காகிதம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். கலகம் ஓய்ந்ததும் இவர்களுக்கு நன்மை கொடுப்பதா என்று பெரிய சண்டை. 251ல் கார்த்தேஜ் மேற்றிராணியார் சிப்ரியானும் மற்ற ஆயர்களும் கூடினார்கள். காகிதம் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்து, அவரவர் நிலைமையைப் பார்த்து, சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். கூடவே கூடாது என்று நின்றவன் ரோமாபுரியில் நொவாசியான். கடைசியில் திருச்சபைக்கு வெளியே போனவன் அவன்தான். சிப்ரியான் இளக்காரமான ஆளுமல்ல. 258ல் விசுவாசத்துக்காகத் தலையைக் கொடுத்தவர்.

அன்று பலர் சொத்தைக் காப்பாற்றக் காகிதம் வாங்கினார்கள். இன்று நம் பிள்ளைகள் ஹாஸ்டல் சோற்றுக்காக வாங்குகிறார்கள். அவர்களுக்குக் காட்டிய இரக்கம் இவர்களுக்கு ஏன் இல்லை?

இந்துவாகவே இருக்கும் நம் மாலா, மாதிகா, ஆதிதிராவிடத் தோழர்கள், பங்கு போட்டால் நம் பங்கு குறையுமே என்று அஞ்சுவது நமக்குத் தெரியும். நியாயமான அச்சம். பந்தியில் ஆள் கூடினால் உலையில் அரிசியையும் கூட்டிப் போடச் சேர்ந்து கேட்போம். அதைத் தனியாக எழுத வேண்டும்.

இந்தப் பக்கமெல்லாம் கடப்பை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 1992ல் அந்த மறைமாவட்டத்துக்குக் குருவான அந்தோணி பூலா, 2022ல் கர்தினால் ஆனார். தாழ்த்தப்பட்டோரிலிருந்து வந்த முதல் கர்தினால். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அவர் பிறந்த மக்கள் சான்றிதழோடு நன்மை வரிசையில் நிற்கலாமா என்று இன்னமும் கிசுகிசுக்கிறார்கள். ஆகஸ்டு 10ந் தேதி கறுப்பு நாள் கொண்டாடுகிறார்கள் சாமியார்கள். அன்று அந்த ஆணை அநியாயம் என்று கோஷம் போட்டுவிட்டு, அந்த அநியாயத்தில் சிக்கியவளை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் குத்திக் காட்டுவதா? ஆயர்கள் பொதுமடல் ஒன்று எழுதட்டும். சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி நன்மையைப் பற்றிப் பேச எந்தக் கமிட்டிக்கும் எந்தப் பீடத்துக்கும் உரிமையில்லை என்று நேராக எழுதட்டும். ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுவரும் வெளியாளிடம் சட்டம் கட்டாயப்படுத்தினாலொழிய நீட்ட வேண்டாம் என்று பங்குகளுக்குச் சொல்லட்டும்.

நம் வீட்டுக் குப்பையையும் சொல்லிவிடுவோம். இந்தச் சங்கத்துக் கூட்டத்திலேயே அந்தக் குடும்பத்தைப் பற்றி, "சலுகைக்காக எதையும் எழுதுவார்கள்" என்று ஒருவர் சொன்னார். நாம் அப்போது வாயடைத்து இருந்தோம். இந்தக் கட்டுரை அந்த மௌனத்துக்குக் கொஞ்சம் தாமதமான பதில்.

வரும் ஞாயிறு காலைப் பூசைக்கு சித்தூர், திருப்பதி கிளைகளிலிருந்து நம் தோழர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். பதவிசாக, சத்தமில்லாமல். வேதக்காரர் உள்ளே, மற்றவர்கள் வாசலில். அந்தப் பெண்ணைக் கேட்டோம். யாரும் தன்னை இழுத்துக்கொண்டு போக வேண்டாம், வரிசையில் முன்னும் பின்னும் நமது ஆட்கள் இருந்தால் போதும் என்றாள்.