பந்தலுக்குப் பணம், பாட்டுக்குப் பொன்னாடையா?

மும்பைத் தமிழர்களின் விழாக்களில் மெல்லிசை இல்லாத விழா அபூர்வம். பொங்கல், விநாயகர் சதுர்த்தி, கோவில் கொடை, சங்கத்தின் ஆண்டு விழா என்று எதுவானாலும், நோட்டீசின் கடைசி வரியில் "இன்னிசை நிகழ்ச்சி" இடம் பெற்றுவிடும். தாராவி, செம்பூர், டோம்பிவிலி என்று அந்தந்தப் பகுதியில் உள்ள குழுக்களைத்தான் அழைக்கிறார்கள். அழைக்கும்போதே, "நம்ம விழாதானே தம்பி, காசு பணம் பார்க்காதீங்க" என்ற பேச்சும் சேர்ந்து வருகிறது.

பந்தல்காரருக்கு ரொக்கம். மைக் செட்காரருக்கு ரொக்கம். ஜெனரேட்டர், நாற்காலி வாடகை, சமையல், நோட்டீஸ் அச்சடித்த அச்சகம் ஆகிய எல்லாவற்றுக்கும் ரொக்கம். இவர்களில் யாரிடமும் "நம்ம விழாதானே" என்று சொல்ல விழாக் குழுவினருக்கு வாய் வருவதில்லை. கூட்டம் கலையாமல் உட்கார்ந்திருப்பது யாருக்காகவோ, அந்தக் குழுவுக்கு மட்டும் பொன்னாடை! அதைக் கொடுத்தால் டெம்போக்காரர் வாங்கிக்கொள்வாரா?

டெம்போ இல்லாமலும் முடியாது. கீபோர்டையும் டிரம்ஸையும் மாலை நெரிசலில் மின்சார ரயிலில் ஏற்ற முடியுமா? வாசிப்பவர்கள் பகலில் பட்டறையிலும் கடையிலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்கள். நிகழ்ச்சி நாளில் அரை நாள் கூலி போகிறது. ஒத்திகைக்கு ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன. ஒலி மாசு பற்றிய 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். அரசு குறிப்பிடும் சில பண்டிகை நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை விலக்கு உண்டு. இருந்தும் தலைவர்கள் பேசிப் பேசி மணி ஒன்பதாக்கிவிட்டு, பிறகு "சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள்" என்று குழுவிடம் சீட்டு அனுப்புகிறார்கள். இந்தச் சீட்டு பேச்சாளர்களுக்குப் போவதில்லை.

"வளரும் குழு, மேடை கொடுக்கிறோம்" என்று கூறுகிறார்கள். முதல் மேடைக்கு அது பொருந்தும். ஆனால் இரண்டாவது அழைப்பு பெரும்பாலும், "அவர்கள் சும்மா வருவார்கள்" என்று கேள்விப்பட்டவரிடமிருந்தே வருகிறது. சும்மா வாசிக்கும் இளைஞர்கள், அதே தொழிலில் குடும்பம் நடத்தும் மூத்த கலைஞர்களின் பிழைப்பிலும் தெரியாமல் கை வைக்கிறார்கள். பதிவு செய்த இசையை ஓட்டி ஒருவரே பாடிவிட்டுப் போகும் இக்காலத்தில், அவர்களுக்கு எஞ்சியிருக்கும் மேடைகளே குறைவு.

மராட்டியரிடம் இதில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பாஞ்சோ குழுவை ஊர்வலத்துக்கு அமர்த்துவதற்கு "சுபாரி" கொடுப்பது என்று பெயர். பாக்கு என்று பொருள். (இந்திப் படம் பார்த்தவர்கள் வேறு அர்த்தம் கொள்ள வேண்டாம்.) நம் ஊரில் வெற்றிலை பாக்கு வைத்து மேளக்காரருக்கு அச்சாரம் கொடுத்தோமே, அதுதான். புனே டோல் தாஷா குழுக்களில் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் ஊதியமின்றியே வாசிக்கிறார்கள். ஆனால் கணபதி மண்டலிடம் குழு பணம் பெறுகிறது. அதில் தோல் மாற்றுவதும் வண்டி வாடகையும் நடக்கின்றன.

இலவசமாகவே வாசிக்கக் கூடாது என்பதல்ல. வெள்ள நிவாரணம், ஏழைப் பிள்ளையின் சிகிச்சை என்றால் குழுக்கள் தாமே முன்வருகின்றன. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியது கொள்கைக்காக. கொடுப்பது கலைஞனின் விருப்பம். கேட்டு வாங்குவது விழாக் குழுவின் உரிமை ஆகாது. மைக் செட்காரரும் அன்று இலவசமாக வருகிறாரா என்று பார்த்தால் போதும், நிலவரம் விளங்கிவிடும்.

2012ஆம் ஆண்டு காப்புரிமைத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியை உறுதி செய்தது. உள்ளூர் மேடையில் டோலக் அடிப்பவருக்கோ வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம். எனவே நேரம், தொகை, டெம்போ, சாப்பாடு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடட்டும். பாதி முன்பணம், மீதி மேடையேறும் முன். குழுக்களும் வரவேற்புரையின் நடுவே "ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லும் பழக்கத்தை விட்டு, நேரத்துக்கு வர வேண்டும். தொகை சிறிதாக இருக்கலாம். ஆனால் விழாக் குழுவின் முதல் கூட்டத்தில், பந்தல் செலவை எழுதும் அதே பக்கத்தில் அதையும் எழுதட்டும்.