கற்பிட்டிக் கரையில் ஒரு புதிய தொழில்

அண்மையில் கற்பிட்டிக்குச் சென்றிருந்தேன். மீன்பிடித் தொழில் செய்யும் பழைய நண்பர் தம் மகனை முன்னே இருத்தி, “இவன் சொல்லுறது எனக்கு விளங்கல்ல, நீங்களே கேட்டுப் பாருங்க” என்றார். உயர்தரப் பரீட்சை முடித்த அந்த இளைஞனைக் கட்டாருக்கு அனுப்பத் தந்தை எண்ணுகிறார். அவனோ, இணையத்தள வருகைகளை ஆராய்வதும், தேடுபொறியில் ஒரு தளத்தை முன்னிலைக்குக் கொண்டு வருவதும் தன் தொழிலாக வேண்டும் என்கிறான்.

நான் அவன் பக்கமே பேசினேன். காரணம் உண்டு. எங்கள் காலத்தில் விற்ற பிரதிகளின் எண்ணிக்கை தெரியும். எந்தச் செய்தியை எத்தனை பேர் படித்தார்கள் என்பது தெரியாது. 2005இல் கூகுள் அனலிட்டிக்ஸ் இலவசமாக வந்தபோது அந்தத் திரை விலகியது. வாசகர் எந்தச் சொல்லைத் தேடி வந்தார் என்பதை இன்று சேர்ச் கன்சோல் காட்டுகிறது. இவற்றைக் கற்கக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. ஒரு கணினியும் இணைய இணைப்பும், பயிலுவதற்குச் சொந்தமாக ஒரு சிறு தளமும் போதும்.

பயிற்சிக்குக் கற்பிட்டியே நல்ல களம். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்றை நம்பி கைட் சேர்ஃபிங் ஆட வெளிநாட்டார் வருகிறார்கள்; நவம்பர் பிறந்தால் டொல்பின் பார்க்க வருகிறார்கள். எந்தப் பக்கத்தை எந்த மாதத்துக்கு முன்னரே ஆயத்தம் செய்வது என்பது இத்தொழிலின் அரிச்சுவடி. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கற்பிட்டி’ என்றும் ‘கல்பிட்டி’ என்றும் எழுதுகிறோம். பாமினி எழுத்துருவில் ஏற்றிய பழைய பக்கங்களைக் கணினி ஆங்கில எழுத்துகளாகவே காண்பதால், ஒருங்குறியில் தேடுபவருக்கு அவை அகப்படா. உடப்பு திரௌபதி அம்மன் தீமிதி பற்றி அப்படி எழுதி வைத்திருந்தால், எழுதியும் எழுதாததே. இதைச் சரிசெய்பவன் தன் ஊருக்கும் மொழிக்கும் தொண்டு செய்கிறான்.

ஆயினும் அவனிடம் மூன்று எச்சரிக்கைகளைச் சொன்னேன். முதலிடம் பெற்றுத் தருவதாக எவருக்கும் வாக்களியாதே. அப்படி உறுதி கூற எவராலும் இயலாது என்று கூகுளே சொல்கிறது. கருவியை மட்டும் மனனம் செய்யாதே. பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் தரவு சேர்ப்பதை நிறுத்தத் தொடங்கியது, அதை மட்டுமே அறிந்தவர்கள் மறுபடியும் பாலபாடம் படித்தார்கள். 2024 முதல் கூகுள் தேடல் முடிவுகளின் மேலேயே செயற்கை நுண்ணறிவு விடையையும் தருகிறது. சொடுக்காமலே திரும்பும் வாசகரையும் நீ கணக்கில் கொள்ள வேண்டும்.

தந்தை ஓராண்டு அவகாசம் தந்திருக்கிறார். கடலுக்குப் போகிறவர் அவர். வலை வீசிய அன்றே மீன் படும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் கரை கடந்து போகாமலே பிழைக்க ஒரு வழி திறந்திருக்கும்போது, ஓராண்டு பொறுப்பது பெரிய விலையன்று.