பிள்ளை கேட்கும்போது

"தம்பி அம்மாவின் வயிற்றுக்குள் எப்படி வந்தான்?" என்று 4 வயதுப் பிள்ளை கேட்டால் அதட்டி அனுப்பிவிடாதீர்கள். வயிற்றில் அல்ல, கருப்பை என்னும் தனி உறுப்பில் வளர்ந்தான் என்பதே அவ்வயதுக்குப் போதும். தாயின் கருவில் தான் உருவானதை 139ஆம் சங்கீதக்காரன் கூச்சமின்றிப் பாடியிருக்கிறானே! உடலுறுப்புகளின் சரியான பெயர்களையே சொல்லிக்கொடுங்கள். தகாத தொடுகை நேர்ந்தால், நடந்ததைத் தெளிவாகச் சொல்ல அப்பெயர்கள்தாம் பிள்ளைக்கு உதவும். (சிறுவர் பாதுகாப்பு முறைப்பாடுகளுக்கு 1929 என்ற இலக்கமும் உண்டு.)

பெண்பிள்ளையின் உடல் 8 வயதிலிருந்தே மாறத் தொடங்கலாம். ஊரைக் கூட்டிச் சாமத்திய வீடு கொண்டாடும் நம்மில் பலர், முதல் உதிரப்போக்கைக் கண்டு மகள் அஞ்சி அழும்வரை ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. 9 வயதுக்குள் தாய் அதை விளக்கட்டும். மகனுக்கு, குரல் உடையுமுன்பே தகப்பன் பேசட்டும்.