மாமியார் உடைத்தால் மண்குடம்: டெரெல் பிரையர் கதை

ஒருத்தன் தன்னோட மோதிரத்தை விற்கிறான். திருடின மோதிரம் இல்லை. மைதானத்தில் அடிபட்டு, விழுந்து எழுந்து, ஜெயித்ததற்குக் கொடுத்த மோதிரம். அதை விற்றது குற்றம் என்று சொன்னால் நம்புவீர்களா? 2010 டிசம்பரில் அமெரிக்காவில் அப்படித்தான் சொன்னார்கள்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. நான் சொல்வது உதைக்கிற கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால். முட்டை மாதிரி பந்து, தலையில் ஹெல்மெட். அணியின் மூளை குவார்ட்டர்பேக். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எறிவதா, கொடுப்பதா, ஓடுவதா என்று நொடியில் அவன்தான் முடிவெடுக்கணும். அந்த ஊரில் கல்லூரி ஆட்டம்கூடப் பெரும் வியாபாரம். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அத்தனையும் டிக்கெட்.

இந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2008-ல் வந்தவர் டெரெல் பிரையர். பென்சில்வேனியாவில் ஜீனெட் என்ற சின்ன ஊர்க்காரர். பள்ளி முடித்த ஆட்டக்காரர்களில் அந்த வருஷம் நாட்டிலேயே முதலிடம் என்று மதிப்பிடப்பட்டவர். 2010 ஜனவரியில் ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஆரிகனை 26-17 என்று ஜெயித்துக் கொடுத்தார். சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

அப்புறம்தான் வந்தது வினை. பிரையரும் இன்னும் நான்கு ஆட்டக்காரர்களும் தங்களுக்குக் கிடைத்த மோதிரம், பதக்கம் போன்றவற்றை விற்றதும், பச்சை குத்தும் கடையில் சலுகை வாங்கியதும் வெளியே வந்தது. பிரையர் விற்றவை: 2008 சாம்பியன் மோதிரம், ஒரு விருது, பரம எதிரியான மிச்சிகனை ஜெயித்ததற்குக் கொடுக்கும் குட்டித் தங்கக் கால்சட்டைப் பதக்கம். மொத்த மதிப்பு 2,500 டாலர். கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. சங்கம் விதித்த தண்டனை: அடுத்த பருவத்தில் ஐந்து ஆட்டம் தடை, 2,500 டாலரைத் தானமாகக் கட்டணும்.

இங்கேதான் வேடிக்கை. தடை அடுத்த பருவத்துக்குத்தானாம். 2011 ஜனவரி 4 அன்று நடந்த ஷுகர் பௌலில் ஆடலாமாம்! கேட்டால், பையன்களுக்கு விதியைச் சரியாகச் சொல்லித் தரவில்லை என்று காரணம். விதி தெரியாதவனுக்கு அடுத்த பருவத்தில் மட்டும் எதற்குத் தண்டனை? தொலைக்காட்சியில் நாடே பார்க்கிற பெரிய ஆட்டத்தில் நட்சத்திரங்கள் வேண்டும், அவ்வளவுதான் :-) பிரையர் ஆடினார், ஆர்கன்சாவை 31-26 என்று ஜெயித்தார், மறுபடியும் சிறந்த ஆட்டக்காரர். பிறகு அந்தப் பருவத்தின் 12 வெற்றிகளையும் பதிவேட்டிலிருந்தே அழித்தார்கள். டிக்கெட் காசைப் பார்வையாளர்களுக்குத் திருப்பித் தந்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

"விதி என்றால் விதி, இலவசப் படிப்பு கிடைத்ததே, போதாதா?" என்பவர்கள் உண்டு. சரி, விதியை எல்லோருக்கும் ஒரே மாதிரி வைத்துப் பார்ப்போம். பயிற்சியாளர் ஜிம் ட்ரெஸ்ஸலுக்கு இந்த விஷயம் 2010 ஏப்ரலிலேயே மின்னஞ்சலில் வந்துவிட்டது. மேலே சொல்லவில்லை, தெரிந்துகொண்டே ஆட விட்டார். அவர் சம்பளம் வருஷத்துக்குச் சுமார் 35 லட்சம் டாலர். மாட்டியதும் 2011 மே மாதம் ராஜினாமா. தண்டனை அவருக்கும் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் 2014-ல் யங்ஸ்டவுன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 2025 பிப்ரவரியில் ஒஹாயோ மாநிலத்தின் துணை ஆளுநராகவே பதவியேற்றார். மோதிரம் விற்றவனுக்கோ ஐந்து வருஷம் பல்கலைக்கழகத்தோடு எந்த ஒட்டும் உறவும் கூடாது என்று ஓலை போனது.

அதோடு விட்டார்களா? பிரையர் கல்லூரியை விட்டுத் தொழில்முறை என்.எஃப்.எல்.லுக்குப் போனார். ஓக்லாந்து ரெய்டர்ஸ் எடுத்தது. கல்லூரியில் அனுபவிக்க வேண்டிய ஐந்து ஆட்டத் தடையை என்.எஃப்.எல். அங்கேயும் போட்டது! இத்தனைக்கும் நடுவே 2013-ல் பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 93 கெஜம் ஓடி டச்டவுன் அடித்தார். அதுவரை எந்த என்.எஃப்.எல். குவார்ட்டர்பேக்கும் அவ்வளவு தூரம் ஓடியதில்லை. பிறகு பந்து பிடிக்கிற இடத்துக்கு மாறி, 2016-ல் கிளீவ்லாந்துக்காக 1,007 கெஜம் எடுத்தார். சோம்பேறி, காசுக்கு அலைபவன் என்றெல்லாம் ஏசியவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

இப்போது காலம் மாறிவிட்டது. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகக் காசு கொடுக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் வருஷ உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். அதே ஒஹாயோ ஸ்டேட் 2024 பருவத்தில் தேசிய சாம்பியன் ஆனபோது, ஆட்டக்காரர்களுக்குப் போன தொகை ஏறக்குறைய 2 கோடி டாலர் என்று அதன் விளையாட்டு இயக்குநரே சொன்னார். பிரையரின் பாவக் கணக்கு 2,500!

பிரையரும் நண்பர்களும் 2021-ல் அந்த வெற்றிகளைத் திருப்பித் தரும்படி கேட்டார்கள். கிடைக்கவில்லை. "அன்றைக்கு விதி அப்படி" என்பது பதிலே இல்லை. மாணவர்கள் சம்பாதிக்கலாம் என்று விதியையே மாற்றிய பிறகு, பழைய விதியின்கீழ் போட்ட தண்டனை மட்டும் எப்படி நியாயமாக இருக்கும்? இதே மாதிரிச் சிக்கலில் 2010-ல் ஹைஸ்மன் கோப்பையை இழந்த ரெஜ்ஜி புஷ்ஷுக்கு 2024-ல் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். மனசு இருந்தால் முடியும்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே குடமே மருமகளுடையது. அந்த 12 வெற்றிகளைத் திருப்பி எழுதுங்கள். இழந்த பருவத்தைத் தர முடியாது. ஒரு மன்னிப்பாவது கேளுங்கள்.