கட்-அவுட்டின் நிழலில் தாராவி

மும்பைவாழ் தமிழ் உழைப்பாளி மக்களின் நினைவில் 2018 ஜூன் 7ஆம் நாளுக்குத் தனி இடம் உண்டு. பா.இரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த ‘காலா’ அன்றுதான் திரைக்கு வந்தது. மாட்டுங்காவின் அரோரா திரையரங்கு ரஜினி படங்களுக்குப் பெயர் பெற்றது. மேளதாளமும் பாலாபிஷேகமும் அங்கே புதியவை அல்ல. எனினும் அம்முறை ஒரு வேறுபாடு இருந்தது. திரையில் விரிந்தது, அத்திரையரங்கிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தாராவியின் கதை. அந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்பதே அக்கதையின் மையக் கேள்வி.

ஆரவாரம் அடங்கி ஆண்டுகள் பல கடந்துவிட்டன. கேள்வி மட்டும் அடங்கவில்லை. அன்று திரையில் வந்த நில வணிகன் இன்று அரசு ஒப்பந்தத்தோடு நேரிலேயே வந்து நிற்கிறான். எனவே அப்படத்துக்கு எழுந்த எதிர்பார்ப்பையும் கிடைத்த வரவேற்பையும் மீண்டும் எண்ணிப் பார்ப்பது வெறும் திரைப்பேச்சு ஆகாது.

எதிர்பார்ப்பு எனும் சரக்கு

பெரும் நட்சத்திரப் படங்களுக்கான எதிர்பார்ப்பு மக்கள் மனத்தில் தானாக முளைப்பதில்லை. அது திட்டமிட்டு உற்பத்தி செய்யப்படும் சரக்கு. இதே இணை உருவாக்கிய ‘கபாலி’ 2016 ஜூலை 22 அன்று வெளியானபோது, ஏர் ஏஷியா நிறுவனம் ரஜினியின் உருவம் தீட்டிய விமானத்தைப் பறக்கவிட்டது. முத்தூட் நிறுவனம் கபாலி உருவம் பொறித்த வெள்ளிக் காசுகளை விற்றது. சென்னையிலும் பெங்களூருவிலும் சில தனியார் நிறுவனங்கள் ஊழியர்களுக்கு விடுமுறையே அளித்தன. ஊதிய உயர்வுக்கும் எட்டு மணி நேர வேலைக்கும் செவிசாய்க்காத முதலாளிகள் ஒரு நடிகரின் படத்துக்காக ஒரு நாள் விடுப்புத் தருகிறார்கள் என்றால், அந்தத் தாராளத்தின் பொருள் என்னவென்று தொழிற்சங்கத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

‘காலா’வின் எதிர்பார்ப்பு இன்னும் சிக்கலானது. 2017 மே மாதம் மும்பையில் படப்பிடிப்பு தொடங்கும் முன்னரே, இது ஹாஜி மஸ்தானின் கதையா என்ற சர்ச்சை எழுந்தது. இல்லை என்று இயக்குநர் மறுத்தார். தாராவியின் தெருக்கள் சென்னைப் புறநகரில் உள்ள படப்பிடிப்பு வளாகத்தில் அரங்காக எழுப்பப்பட்டன. 2018 ஏப்ரல் 27 அன்று வெளியாகியிருக்க வேண்டிய படம், டிஜிட்டல் ஒளிபரப்புக் கட்டணங்களை எதிர்த்துத் தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தால் தள்ளிப்போனது. காவிரி குறித்து ரஜினி பேசியதைக் காரணம் காட்டிக் கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை படத்துக்குத் தடை விதிக்க, வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. ஒவ்வொரு தடையும் எதிர்பார்ப்பின் விலையை ஏற்றியது.

தூத்துக்குடியில் உடைந்த பிம்பம்

இந்த எதிர்பார்ப்பின் மீது விழுந்த பேரிடி தூத்துக்குடியிலிருந்து வந்தது. 2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள் மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டிலும் அதைத் தொடர்ந்த வன்முறையிலும் 13 பேர் உயிரிழந்தனர். மே 30 அன்று ரஜினிகாந்த் அங்கே சென்று காயமடைந்தோரைச் சந்தித்தார். பின்னர் செய்தியாளர்களிடம், வன்முறைக்குக் காரணம் போராட்டத்தில் புகுந்த சமூக விரோதிகளே என்றும், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றும் சொன்னார். 2017 டிசம்பர் 31 அன்று ‘ஆன்மிக அரசியல்’ என்ற பெயரில் அரசியல் நுழைவை அவர் அறிவித்திருந்த காலம் அது.

எட்டு நாள் கழித்து அதே மனிதர் திரையில் தோன்றினார். நிலத்துக்காகப் போராடுமாறு தாராவி மக்களை அழைத்தார். போராடும் மக்களைச் சமூக விரோதிகள் என முத்திரை குத்துவோரை எதிர்த்து முழங்கினார். ஒரு நடிகரின் வாய்க்கும் அவர் ஏற்ற பாத்திரத்தின் வாய்க்கும் இடையே இத்தனை பெரிய பள்ளம் வெளிப்படையாகத் தெரிந்த தருணம் தமிழ்த் திரை வரலாற்றில் அரிது. படத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. ‘கபாலி’யின் தொடக்க நாள் வேகம் ‘காலா’வுக்கு வாய்க்கவில்லை.

நட்சத்திரத்தின் பேச்சை வைத்துப் படத்தை மதிப்பிடுவது முறையாகாது என்று சொன்னோரும் இருந்தனர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. ஒரு திரைப்படம் எழுத்தாளர், இசைக் கலைஞர், அரங்கத் தொழிலாளர் எனப் பலரின் உழைப்பு. தாராவியிலேயே பிறந்து வளர்ந்த ‘டோப்அடெலிக்ஸ்’ ராப் குழுவினரின் குரலும் சந்தோஷ் நாராயணன் இசையில் சேர்ந்திருந்தது. ஆயினும் நட்சத்திரத்தின் முகத்தை வைத்தே படத்தை விற்றுவிட்டு, அந்த முகம் பேசியதைக் கணக்கில் கொள்ளாதே என்பது வணிகத்துக்கு மட்டுமே வசதியான வாதம்.

தொழிற்சங்கத் தலைவன் மறைந்து தாதா வந்த கதை

தாராவித் தமிழரின் வாழ்வைப் பெருந்திரளுக்குக் காட்டிய முதல் பெரிய தமிழ்ப் படம் 1987இல் வெளிவந்த மணிரத்னத்தின் ‘நாயகன்’. வரதராஜன் முதலியாரின் வாழ்வைத் தழுவியது அது. அதன் தொடக்கத்தை இன்று பலர் மறந்துவிட்டனர். வேலு நாயக்கரின் தந்தை ஒரு தொழிற்சங்கத் தலைவர்; காவல்துறை அவரைச் சுட்டுக் கொல்கிறது. அதன்பின் படத்தில் தொழிற்சங்கமே இல்லை. சங்கத்தின் இடத்தில் ஒற்றை மனிதர் வந்து அமர்கிறார். மக்கள் மனு கொடுக்கும் கூட்டமாகச் சுருங்குகிறார்கள்.

மும்பையின் உண்மை வரலாறும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. 1960களின் இறுதியில் தென்னிந்தியருக்கு எதிரான வெறுப்பை மூலதனமாக்கி எழுந்த சிவசேனை, அடுத்துத் திரும்பியது செங்கொடிச் சங்கங்களின் மீது. கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூன் 5 அன்று படுகொலை செய்யப்பட்டார். அவ்விடத்துக்கு நடந்த இடைத்தேர்தலில் சிவசேனை வென்றது. 1982இல் தொடங்கிய பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நசுக்கப்பட்டது. ஆலை நிலங்கள் வணிக வளாகங்களாயின. சங்கம் பலவீனப்பட்ட தெருக்களில் தாதாக்கள் நீதி வழங்கினார்கள். அவர்களைத் தெய்வமாக்கும் வேலையைத் திரை செய்தது.

‘காலா’ இந்த மரபில் வந்த படமே. ஆனால் ஓர் இடத்தில் அம்மரபை உடைத்தது. தாதாவின் துப்பாக்கியால் தீராத சிக்கலை உழைப்பாளிகளின் வேலைநிறுத்தம் தீர்க்க முனைகிறது. தாராவி மக்கள் வேலைக்குப் போக மறுக்கிறார்கள். மாநகரம் திணறி நிற்கிறது. இறுதிக் காட்சியில் காலா ஒருவன் அல்லன். கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரின் முகத்திலும் அவன் தெரிகிறான். கருப்பு, சிவப்பு, நீலம் ஆகிய வண்ணங்கள் திரையை நிறைக்கின்றன. இராமகாதை ஓதப்படும் பின்னணியில் இராவணத் தரப்பின் பக்கம் நிற்கும் கதை; வெண்ணிற மாளிகையில் இருந்துகொண்டு ‘தூய்மை’ பேசும் எதிரி. சாதியின் தூய்மைவாதமும் நில வணிகத்தின் தூய்மைவாதமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று வெகுசனத் திரையில் இத்தனை தெளிவாக யாரும் சொன்னதில்லை.

காலாவின் மகனுக்கு லெனின் என்று பெயர். மக்களின் மனத்தை அறியுமுன் அவர்களுக்கு வழிகாட்ட முற்படும் இளைஞன் அவன். இந்தச் சித்திரிப்பு இடதுசாரிகள் சிலருக்குக் கசந்தது. கசப்பதால் அதில் உண்மை இல்லை என்றாகாது. தாராவியின் தமிழ்க் குடியிருப்புகளில் சாதியைப் பற்றிப் பேசாமல் வர்க்கத்தை மட்டும் பேசிய காலங்கள் இருந்தன. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரத் தொடங்கிய ஒடுக்கப்பட்ட மக்களுக்கு, வர்க்கமும் சாதியும் வெவ்வேறு சுமைகளாக இருந்ததே இல்லை.

வரவேற்பு சொன்ன பாடம்

படத்தின் வரவேற்பு இரண்டாகப் பிரிந்தது. விமர்சகர்களும் அம்பேத்கரிய, இடதுசாரி வாசகர்களும் அதன் அரசியலைக் கொண்டாடினர். நட்சத்திர ரசிகர்களில் ஒரு பகுதியினர், இது ரஜினி படம் அன்று, இரஞ்சித் படம் என்று குறைப்பட்டனர். வசூல் நிபுணர்கள் ‘கபாலி’யோடு ஒப்பிட்டு எண்களை எழுதினர். நிலம் யாருக்கு என்ற கேள்வி இந்த மூன்று கணக்கிலும் சேராமல், கைதட்டலோடு திரையரங்கிலேயே தங்கிவிட்டது.

2020 டிசம்பர் 29 அன்று கட்சி தொடங்கப் போவதில்லை என்று ரஜினிகாந்த் அறிவித்தார். மீட்பர் வரவில்லை. புல்டோசருக்கு யாரும் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை.

திரைக்கு வெளியே நடப்பது

‘காலா’ வெளியான அதே 2018ஆம் ஆண்டின் இறுதியில் மகாராஷ்டிர அரசு தாராவி மறுசீரமைப்புக்குப் புதிய ஒப்பந்தப்புள்ளி கோரியது. 7,200 கோடி ரூபாய்க்குக் கேட்ட துபாய் நிறுவனமே முதலிடத்தில் நின்றது. அந்த ஒப்பந்தப்புள்ளி 2020இல் இரத்து செய்யப்பட்டது. 2022 நவம்பரில் விதிகள் மாற்றிய மறு ஏலத்தில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் வென்றது. 2023 ஜூலையில் திட்டம் அதனிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. திட்ட நிறுவனத்தில் அதானிக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. பாந்திரா-குர்லா வணிக வளாகத்துக்கு எதிர்ப்புறம், இரண்டு இரயில் பாதைகளுக்கு நடுவே உள்ள நிலம் இது. இதன் விலை என்னவென்று பெருமுதலாளிகளுக்குத் தெரியும்.

விதிகளைக் கவனிக்க வேண்டும். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததை மெய்ப்பிப்போருக்கு மட்டுமே தாராவிக்குள் 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்தோருக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. அதற்கு இரண்டரை இலட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மேல்தளங்களில் வாழ்வோருக்கு வெளியே வாடகை வீடு. தாராவியை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கீழே பட்டறை, மேலே இரும்பு ஏணி வைத்த ஒற்றை அறை என்பதே அங்குள்ள அமைப்பு. தையல் தொழிலாளியும் இட்லி விற்பவரும் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளியும் வாடகைக்கு இருப்பது அந்த மேல் அறைகளில்தான். தாராவியை இயக்கும் கைகளை ஒரே விதி ‘தகுதியற்றோர்’ ஆக்குகிறது.

அவர்கள் எங்கே அனுப்பப்படுவார்கள்? காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் 256 ஏக்கர் உப்பள நிலமும், செம்பூரை அடுத்த தேவ்நார் குப்பைமேட்டின் ஒரு பகுதியும் இதற்காக ஒதுக்கப்பட்டுள்ளன. 1927 முதல் மாநகரின் கழிவைச் சுமந்த மண் அது. மும்பைத் தமிழருக்கு இந்தத் திசை புதிதன்று. அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதம், அணு ஆராய்ச்சி மையத்துக்கு அருகே இருந்த ஜனதா காலனி இடிக்கப்பட்டு, பெரும்பாலும் தமிழர்களான அம்மக்கள் சீத்தா கேம்ப்பின் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய்ப் போடப்பட்டனர். அந்த இடிப்பை ஆண்டுக்கணக்கில் தடுத்து நிறுத்திய போராட்டத்தை முன்னின்று நடத்தியவர், கோலார் தங்க வயலில் பிறந்த தமிழரான ஜாக்கின் அற்புதம். அவரைப் பற்றி ஒரு நட்சத்திரப் படமும் எடுக்கப்படவில்லை.

2023 டிசம்பர் 16 அன்று தாராவியிலிருந்து அதானி அலுவலகம் நோக்கி மாபெரும் பேரணி நடந்தது. முன்னின்று அழைத்தவர் உத்தவ் தாக்கரே. ஒரு காலத்தில் தமிழரின் வேட்டியை ஏளனம் செய்த கட்சியின் ஒரு பிரிவும், அந்தத் தமிழரும் ஒரே ஊர்வலத்தில் நடந்தார்கள். நிலப் பறிப்புக்கு எதிராகக் கூடும் எந்தக் கையையும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊர்வலம் நாளை தேர்தல் பேரமாகச் சுருங்காமல் இருக்க வேண்டுமானால், மேல் அறையில் வாழும் உழைப்பாளி அதன் நடுவில் இருக்க வேண்டும்.

கட்சி உறுப்பினர்கள் செய்ய வேண்டியது

‘காலா’வை நட்சத்திரப் படம் என்று ஒதுக்குவதும் புரட்சிப் படம் என்று தலையில் வைத்துக் கொண்டாடுவதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள். வெகுமக்கள் கைதட்டிய இடம் எது என்று பார்ப்பதே பயனுள்ள வேலை. அவர்கள் நிலத்தைப் பற்றிய பேச்சுக்குக் கைதட்டினார்கள். நகரம் நின்றுபோன காட்சிக்குக் கைதட்டினார்கள். அந்த உணர்வுக்கு அமைப்பு வடிவம் கொடுக்கத் திரையால் முடியாது. அது கட்சிக்கும் சங்கத்துக்கும் உரிய பணி.

அப்பணி மிக எளிய இடத்தில் தொடங்குகிறது. தாராவி குறித்த அரசாணைகள் மராத்தியில் வருகின்றன. ஒப்பந்த ஆவணங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தன் வீட்டுச் சுவரில் எழுதப்பட்ட எண் எதைக் குறிக்கிறது, எந்த நாளுக்குள் எந்தச் சான்றைக் காட்ட வேண்டும் என்பது தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய்க்குத் தெரிவதில்லை. அந்த விதிகளைத் தமிழில் துண்டறிக்கையாக்கி, சால் சாலாகச் சென்று வாசித்துக் காட்ட வேண்டும். ‘தகுதியற்றோர்’ என்று தள்ளப்படும் வாடகைக் குடும்பங்களின் பட்டியலை மக்களே தயாரிக்க வேண்டும். பட்டறைத் தொழிலாளர்களையும் வீட்டுவேலை செய்யும் பெண்களையும் ஒரே குழுவில் அமர்த்த வேண்டும். அந்தக் குழு ஒரு நாள் வேலையை நிறுத்தினால் மும்பை நிற்கும். அதைச் செய்துகாட்டச் சென்னைப் புறநகரின் அரங்கு தேவையில்லை; தொண்ணூறு அடிச் சாலை போதும்.