தவறான விடையிலிருந்து தொடங்க வேண்டிய ஆய்வு

கற்பித்தலை மேம்படுத்துவதற்கான ஆய்வுகள் தமிழ்நாட்டில் குறைவாக நடக்கின்றன என்று கூற இயலாது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும் கல்வியியல் கல்லூரிகளிலும் ஆண்டுதோறும் ஆய்வறிக்கைகள் எழுதப்படுகின்றன. கருத்தரங்குகளில் வாசிக்கப்பட்டு, தொகுப்புகளாக அச்சேறி, நூலக அலமாரிகளைச் சென்றடைகின்றன. ஆயினும், அடுத்த ஊரில் அதே வகுப்புக்கு அதே பாடத்தை நடத்தும் ஆசிரியர் ஒருவர், நாளைக் காலையில் தம் வகுப்பில் எதை மாற்றிச் செய்யலாம் என்று அறிய அவ்வறிக்கைகளைப் புரட்டினால், அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சராசரி மதிப்பெண்ணும் ‘முன்னேற்றம் காணப்பட்டது’ என்ற முடிவுரையும்தான். ஆசிரியர்களின் உழைப்பில் இதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆய்வு எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் பிழை நேர்ந்திருக்கிறது. குழந்தை எழுதிய தவறான விடையைத் தன் முதல் தரவாகக் கொள்ளாத எந்தக் கற்பித்தல் ஆய்வும் வகுப்பறைக்குத் திரும்பி வருவதில்லை என்பதே இவ்வுரை வலியுறுத்த விரும்பும் கருத்து.

செயல் ஆராய்ச்சி என்றும் செயலாய்வு என்றும் வழங்கப்படும் முறை இத்தேவைக்காகவே பிறந்தது. ஒரு பணியைச் செய்பவரே, அப்பணியில் தாம் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டை இனங்கண்டு, மாற்று வழியொன்றைத் திட்டமிட்டுச் செயற்படுத்தி, விளைவை உற்றுநோக்கி, அதன் அடிப்படையில் மீண்டும் திட்டமிடும் தொடர் சுழற்சியே செயலாய்வு எனப்படும். இச்சொல்லாட்சியைச் சமூக உளவியலாளர் கர்ட் லெவின் 1946இல் வெளியிட்ட கட்டுரை பரவலாக்கியது. பள்ளி நடைமுறைகளை மேம்படுத்தும் கருவியாக இதை 1953இல் வெளிவந்த தம் நூலில் ஸ்டீபன் கோரி விளக்கினார். ஆசிரியரே ஆய்வாளர் என்னும் கருத்தை இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் உறுதியாக நிலைநாட்டினார். இந்தியாவில் 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி நிறுவனங்கள் உருவானபோது, செயலாய்வு அவற்றின் பணிகளுள் ஒன்றாக வகுக்கப்பட்டது. அமைப்பு இருக்கிறது, ஆணையும் இருக்கிறது; இவ்விரண்டுக்கும் நடுவில் குழந்தை விடுபட்டுப்போனது எவ்வாறு என்பதைத்தான் ஆராய வேண்டியுள்ளது.

வழக்கமான செயலாய்வு அறிக்கை ஒன்றின் அமைப்பை இவ்விதழின் வாசகர்கள் நன்கறிவர். ஒரு வகுப்பில் மெல்லக் கற்போர் எனக் கருதப்படும் இருபது முப்பது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, அவர்களுக்கு முன்தேர்வு வைக்கப்படுகிறது. சில வாரங்கள் மின்னட்டையோ விளையாட்டோ காணொலியோ இடையீடாக, அதாவது சோதித்துப் பார்க்கும் புதிய கற்பித்தல் முயற்சியாக, அமைகிறது. பின்தேர்வு வைக்கப்பட்டு, இரு சராசரிகளும் ஒப்பிடப்பட்டு, இடையீடு பயனளித்தது என்று முடிவு எழுதப்படுகிறது. இவ்வமைப்பில் இடையீடு தோற்பதற்கு ஏறக்குறைய வழியே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத நிலையில், அவ்வாரங்களில் இயல்பாகவே நிகழ்ந்திருக்கக்கூடிய கற்றலும் இடையீட்டின் கணக்கில் வரவாகிவிடுகிறது. மேலும், ஒரே ஒரு தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் பிரித்தெடுத்தால், அவர்களுள் அன்று உடல்நலமின்றி எழுதியவர்களும் வினாவைத் தவறாகப் படித்தவர்களும் சேர்ந்தே இருப்பர். அவர்களுக்கு எதுவும் கற்பிக்காமலே மறுதேர்வு வைத்தாலும் சராசரி சற்று உயரும். புள்ளியியலில் சராசரியை நோக்கிய நகர்வு எனப்படும் இப்போக்கைக் கருத்தில் கொள்ளாத அறிக்கை, ஆசிரியரின் உண்மையான உழைப்பையும் தற்செயலையும் பிரித்துக் காட்ட இயலாததாகிவிடுகிறது.

பெரிய அளவிலான ஆய்வுகள் இச்சிக்கலைச் சமவாய்ப்பு முறையால், அதாவது எந்தப் பள்ளிக்கு இடையீடு கிடைக்கும் என்பதைக் குலுக்கல் போன்ற முறையில் தீர்மானித்து, கிடைத்த பள்ளிகளையும் கிடைக்காத பள்ளிகளையும் ஒப்பிடுவதன் மூலம் தீர்க்கின்றன. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் அமைப்பு நடத்திய பால்சகி திட்டத்தை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ உள்ளிட்டோர் இம்முறையில் ஆராய்ந்தனர். அத்திட்டத்தில், பின்தங்கிய குழந்தைகளை வகுப்பிலிருந்து நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் தனியே அழைத்து, உள்ளூர் இளம்பெண் ஒருவர் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்பித்தார். அவ்வாறு பிரிந்து சென்ற குழந்தைகள் தெளிவான முன்னேற்றம் கண்டனர். ஆனால் அவர்கள் சென்றதால் எண்ணிக்கை குறைந்த வகுப்பில் தங்கியவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. வகுப்பின் அளவைக் குறைத்தாலே தரம் உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கையை மறுபரிசீலனை செய்யத் தூண்டிய முடிவு இது. குழந்தையின் வகுப்பைப் பார்க்காமல் அதன் நிலையைப் பார்த்துக் கற்பிப்பதே பலன் தந்தது.

இதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது பீகாரில் கிடைத்த பாடம். அங்கு அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இதே முறையில் கோடை முகாம் நடத்தியபோது குழந்தைகள் முன்னேறினர். ஆனால் ஆண்டு முழுவதும் நடைபெறும் வழக்கமான வகுப்புகளில், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கற்பித்தல் பொருள்களும் கொடுத்தும் மாற்றம் விளையவில்லை. பின்னர் அரியானாவில் பள்ளி நாளுக்குள் இதற்கெனத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி, வகுப்பு வேறுபாடின்றி நிலைவாரியாகக் குழந்தைகளைக் குழுக்களாக்கி, மேற்பார்வையாளர்கள் தொடர்ந்து பள்ளிக்கு வந்து துணைநின்றபோது, மொழிப் பாடத்தில் பலன் கிடைத்தது. கோடையில் கற்பிக்க முடிந்த ஆசிரியருக்கு ஜூலையில் கற்பிக்கத் தெரியாமற்போவதில்லை. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி பயிற்சியில் பெற்றதை விழுங்கிவிடுகிறது என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டும். பணியிடைப் பயிற்சிகளின் எண்ணிக்கையைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் இம்முடிவுகளுக்குப் பிறகும் தொடர்வது வருந்தத்தக்கது.

தமிழ்நாட்டின் அனுபவமும் இதே திசையைச் சுட்டுகிறது. 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டக் காலத்தில் ஊரகக் குழந்தைகள் சுமார் 19,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று, பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் நேர்ந்த கற்றல் இழப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள் மீட்கப்பட்டது என்றும், அம்மீட்சியில் சுமார் 24 விழுக்காடு அத்திட்டத்தின் மாலைநேர வகுப்புகளால் விளைந்தது என்றும் கணக்கிட்டது. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பகுப்பதும் இதே கொள்கையின் வழிப்பட்டதாகும்.

எனினும், இத்தகைய ஆய்வுகள் ஒரு முறை பொதுவாகப் பயன்தருமா என்ற வினாவுக்கே விடையளிக்கின்றன. குறிப்பிட்ட ஒரு குழந்தை எங்கே இடறுகிறது என்பதை அவை காட்டுவதில்லை. அவ்வினாவுக்கு முன்னோடியாக நிற்பது, 1973இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் வெளியிட்ட, பென்னி என்ற பெயரால் அறியப்படும் பன்னிரண்டு வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவனைப் பற்றிய ஆய்வு. தாமே படித்து, தாமே பயிற்சி செய்து, தேர்வில் 80 விழுக்காடு பெற்றால் அடுத்த படிக்குச் செல்லும் தனியாள் கற்றல் திட்டத்தில் அவன் பயின்றான். வகுப்பில் நன்றாக முன்னேறுபவன் என்றே ஆசிரியர் அவனைக் கருதினார். எர்ல்வாங்கர் அவனருகில் அமர்ந்து பேசியபோதுதான், 0.3ஐயும் 0.4ஐயும் கூட்டினால் 0.07 என்றும், பத்தில் இரண்டு என்ற பின்னத்தைத் தசமமாக எழுதினால் 1.2 என்றும் அவன் தனக்கென விதிகளை வகுத்துக்கொண்டு, அவற்றைத் தவறாமல் பின்பற்றி வந்தது தெரியவந்தது. மதிப்பெண் பட்டியல் மறைத்துவைத்த ஒன்றைச் சில உரையாடல்கள் வெளிக்கொணர்ந்தன. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய, குழந்தைகள் தாமே படிப்படியாக முன்னேறும் செயல்வழிக் கற்றல், ஆசிரியரைத் தரையில் குழந்தைகளோடு அமரவைத்து, அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகையை இறக்கிய அரிய முயற்சி. அதன் அட்டைகளும் ஏணிப்படிகளும், ஒரு படியைக் கடந்த குழந்தை அப்படியைப் புரிந்துகொண்டே கடந்ததா என்று அருகிருந்து கேட்கும் ஆசிரியர் இருக்கும்போதுதான் முழுப் பயன் தரும் என்பதைப் பென்னியின் கதை உணர்த்துகிறது.

இவ்வகை ஆய்வுக்குத் தமிழ் வகுப்பறை வளமான களம். ‘கொடு’ என்ற சொல்லைச் சொல்லெழுதுதலாகக் கொடுத்தால் ஒரு குழந்தை ‘கெடு’ என்றும் மற்றொரு குழந்தை ‘காடு’ என்றும் எழுதுவதைக் கற்பனை செய்யலாம். இரண்டும் தவறுகளே, இரண்டும் ஒரே சிவப்புக் குறியைப் பெறும். ஆனால், முதற்குழந்தை ஒற்றைக் கொம்பு மெய்யெழுத்தின் முன்னால் வரும் என்பதை அறிந்து துணைக்காலை விட்டுவிட்டது. இரண்டாவது குழந்தை துணைக்காலை மட்டும் இட்டு, முன்னால் வரவேண்டிய கொம்பை விட்டுவிட்டது. க் என்ற ஒலி முன்னும் ஒ என்ற ஒலி பின்னுமாகக் காதில் விழ, கை முதலில் கொம்பையும் பிறகு ககரத்தையும் இறுதியில் காலையும் எழுத வேண்டியிருக்கும் தமிழ் எழுத்துமுறையின் இயல்பே இவ்விடறலுக்கு இடமாகிறது. கெடு, காடு, கொடு ஆகிய மூன்று சொற்களையும் அருகருகே எழுதி, ஒவ்வொரு குழந்தையையும் படிக்கச் சொல்லிக் கேட்கும் ஆசிரியர், எக்குழந்தைக்கு எது தேவை என்பதை இரண்டு நிமிடங்களில் அறிந்துகொள்வார். இருவரையும் மெல்லக் கற்போர் என்ற ஒரே பெயரில் அடக்கிக் குறைதீர் கற்பித்தலுக்கு அனுப்பும் முறை அதை ஒருபோதும் அறியாது.

கணக்கிலும் இவ்வாறே. 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என எழுதும் குழந்தை, ஒன்றாம் இடத்தில் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிப்பதை விதியாகக் கொண்டிருக்கிறது. 24 என எழுதும் குழந்தை எண்ணும்போது கைதவறியிருக்கக்கூடும். முன்னதற்கு இடமதிப்பு புரியவேண்டும், பின்னதற்கு விடையைச் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். தமிழ் எண்ணுப்பெயர்களோ வேறொரு வினாவை எழுப்புகின்றன. ஒன்பது என்பது பத்துகளின் பெயர்களைப் போல ‘பது’ என முடிகிறது. 90ஐக் குறிக்கும் தொண்ணூறு நூறுகளின் பெயரைப் போலவும், 900ஐக் குறிக்கும் தொள்ளாயிரம் ஆயிரங்களின் பெயரைப் போலவும் ஒலிக்கின்றன. எண்பதுக்கு அடுத்து வரும் தொண்ணூறும், எழுநூற்றுக்கு அடுத்து வரும் எண்ணூறும் செவியில் ஒத்திருக்க, அவற்றின் மதிப்புகளோ 90, 800 என வெகுவாக விலகி நிற்கின்றன. இது எந்த வயதுக் குழந்தையை எவ்வாறு தடுமாறச் செய்கிறது, எவ்வகைச் செயல்பாடு அத்தடுமாற்றத்தை நீக்குகிறது என்ற வினாவை இத்தகைய எண்ணுப்பெயர்கள் இல்லாத மொழியில் நடக்கும் ஆய்வு எதுவும் எழுப்பாது. தமிழ்வழி வகுப்பில் நாள்தோறும் நிற்கும் ஆசிரியரே அதைக் கேட்கவும் விடைகாணவும் வல்லவர்.

இதைத் தனியொருவராகச் செய்வது கடினம். சப்பானில் நூறாண்டுகளுக்கு மேலாக வேரூன்றியுள்ள பாட ஆய்வு இங்குப் பின்பற்றத்தக்கது. ஆசிரியர் சிலர் கூடி ஒரே ஒரு பாடவேளையை விரிவாகத் திட்டமிடுகின்றனர். குழந்தைகள் என்னென்ன விடை சொல்லக்கூடும், எங்கே தவறக்கூடும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கின்றனர். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் அவரைப் பார்க்காமல் குழந்தைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கின்றனர். முடிந்தபின் கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துகின்றனர். அங்கு விவாதிக்கப்படுவது பாடமாதலால், நடத்தியவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை. எளிய ஒன்றைக்கூட இவ்வாறு ஆராயலாம். வினா கேட்ட பின் ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதைக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ ஒலிப்பதிவுகளிலிருந்து அளந்தபோது, அது சராசரியாக ஒரு நொடி அளவே என்றும், மூன்று நொடிகளாக அதனை நீட்டினால் குழந்தைகளின் விடைகள் நீள்வதோடு விடையளிக்காமல் இருப்போரும் குறைகின்றனர் என்றும் 1970களில் கண்டறிந்தார். ஒரு கடிகாரமும் உடன்பணியாற்றும் ஆசிரியர் ஒருவரும் இருந்தால் போதும். நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் இதற்கென்றே அமைந்தவை போன்றவை. சுற்றறிக்கைகளை விளக்குவதற்கும் படிவங்களை நிரப்புவதற்கும் செல்லும் அந்நேரத்தில் ஒரு பகுதியேனும், ஒவ்வோர் ஆசிரியரும் கொண்டுவரும் இரண்டு மூன்று குறிப்பேட்டுப் பக்கங்களைச் சேர்ந்து படிப்பதற்கு ஒதுக்கப்படுமாயின், அதுவே பயிற்சியாகவும் வளரறி மதிப்பீடாகவும், அதாவது கற்றல் நடந்துகொண்டிருக்கும்போதே கற்பித்தலைத் திருத்திக்கொள்ள உதவும் மதிப்பீடாகவும் அமையும். ஆசிரியர் பயிற்றுநர் தணிக்கையாளராக வராமல் உடன் பார்ப்பவராக வருவது இதன் முதல் நிபந்தனை.

இவ்விதழும் தன் பங்கை ஏற்க வேண்டும். இனி வரும் செயலாய்வுக் கட்டுரைகளில், குழந்தைகளின் பெயர் மறைக்கப்பட்டு, பெற்றோர் இசைவுடன், அவர்கள் எழுதியவாறே சில விடைகள் இடம்பெறுவது வரவேற்கப்படும். இடையீடு இல்லாத இணைவகுப்பு ஒன்றுடனான ஒப்பீடு இயன்றவரை எதிர்பார்க்கப்படும். பலனளிக்காத முயற்சியை உள்ளவாறே எழுதும் கட்டுரைக்கு, வெற்றியைக் கூறும் கட்டுரைக்கு நிகரான இடம் அளிக்கப்படும். ஒரு முறை ஏன் தோற்றது என்பதை அறிந்த ஆசிரியர், அதே முறையைத் தொடங்கவிருக்கும் பத்து ஆசிரியர்களின் ஓராண்டைக் காப்பாற்றுகிறார். ‘கெடு’ என்றும் ‘காடு’ என்றும் எழுதிய இரு குழந்தைகளும் இன்றும் ஏதோ ஒரு வகுப்பில் அடுத்தடுத்து அமர்ந்திருப்பர்; அவர்கள் இருவருக்கும் வேண்டியது ஒன்றல்ல என்று கண்டு, கண்டதை அடுத்த பள்ளி ஆசிரியருக்கு விளங்கும்படி எழுதிவைப்பதே கற்பித்தல் ஆய்வின் முதற்கடமை.