பெயர் மாறினால் பொறுப்பு மாறுமோ?

கடன்பட்டவன் தன் காணியை மைத்துனன் பெயருக்கு உறுதி முடித்துவிட்டு, "என்னிடம் யாதுமில்லை" என்று கடன் கொடுத்தவன் முன் கைவிரிப்பது நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் தந்திரம். அத்தகைய உறுதியைத் தள்ளிவிடுவதற்கென்றே உரோமன் டச்சுச் சட்டம் பௌலியன் வழக்கு என்னும் பரிகாரத்தை வைத்திருக்கிறது. சொத்து எவர் பெயரில் நிற்கிறது என்பது வெறும் கடதாசி விவகாரமன்று. கடனை எவர் இறுப்பார் என்பதே அதனுள் உறையும் வினா. இதனை நம் கமக்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

கைமாறுவது ஒரு பனங்காணியாயின் நட்டம் ஒருவனுடையது. கைமாறுவது அணுமின் நிலையமாயின் நட்டம் எவருடையது? இவ்வினா ஐக்கிய அமெரிக்காவில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக விசாரிக்கப்பட்டது. அதன் வரலாறு நாமும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

லூசியானா மாநிலத்தின் நியூ ஓர்லியன்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட என்டேர்ஜி என்னும் கம்பனி, 2007 நவம்பரில் ஒரு திட்டத்தை அறிவித்தது. நியூயோர்க், வேர்மொன்ட், மசச்சூசெற்ஸ், மிச்சிகன் ஆகிய 4 மாநிலங்களில் தான் விலைக்கு வாங்கி நடத்திவந்த 6 அணு உலைகளைத் தன்னினின்று பிரித்து, பின்னர் எனெக்சஸ் எனப் பெயரிடப்பட்ட ஒரு புதுக் கம்பனியிடம் ஒப்படைப்பதே அத்திட்டம். நிச்சய வருமானம் தரும் தென்மாநில மின்சேவைகள் தாய்க் கம்பனியிடமே நிற்கும். பிள்ளைக் கம்பனியோ பிறக்கும்போதே ஏறத்தாழ 350 கோடி டொலர் கடனைத் தலையிற் சுமந்து பிறக்கும்! என்டேர்ஜி வஞ்சக எண்ணத்துடன் இதனைச் செய்தது என்பது எமது வாதமன்று. சட்டம் இடங்கொடுத்த ஒன்றையே அது நாடியது. சட்டம் ஏன் இடங்கொடுத்தது என்பதே எமது கேள்வி.

அந்நாட்டின் 1954 ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டப்படி, சமஷ்டி அரசின் எழுத்து மூலமான சம்மதமின்றி அணு உலையின் அனுமதிப்பத்திரம் கைமாற முடியாது. அச்சம்மதத்தை வழங்கும் அதிகாரம் இன்று அணு ஒழுங்காற்று ஆணைக்குழுவிடம் உள்ளது. 1969 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் கொள்கைச் சட்டமோ, சமஷ்டி நிறுவனங்கள் பெருஞ் செயல்களுக்கு இணங்குமுன் அவற்றின் சுற்றாடல் விளைவை ஆராய வேண்டும் என்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவர், கைமாற்றத்திற்கும் சுற்றாடல் ஆய்வு உண்டென்றே எண்ணுவர். ஆனால், 1998 இல் ஆணைக்குழு இயற்றிய விதியொன்று, அனுமதிப்பத்திரக் கைமாற்றங்கள் யாவற்றையும் ஒரு வகையாகக் கொண்டு, அவ்வகை முழுவதையும் அந்த ஆய்வினின்று விலக்கிவிட்டது. உலை அதே உலை, ஊழியர் அதே ஊழியர், பாயும் நீர் அதே நீர்; உரிமையாளர் பெயர் மாறுவதால் சுற்றாடலுக்கு வருவது யாது என்பது அதன் நியாயம். 2008 யூலையில் ஆணைக்குழு என்டேர்ஜியின் திட்டத்திற்குச் சம்மதமும் அளித்தது.

இந்நியாயம் உலை ஓடும் காலத்தை மட்டுமே பார்க்கிறது. அது நின்ற பிறகு வரும் காலத்தைப் பார்க்கவில்லை. உலை நின்ற அன்றே மின்சாரம் விற்ற வருமானமும் நின்றுவிடும், செலவு நிற்பதில்லை. எரிந்த எரிபொருளைக் குளத்தில் குளிரவைத்து, பின்னர் கொங்கிறீற்றுக் கொள்கலங்களில் அடைத்துக் காவல் காக்க வேண்டும். அதனை நிரந்தரமாகப் புதைப்பதற்கு ஓரிடம் ஐக்கிய அமெரிக்காவில் இன்றுவரை இல்லை. உலையைக் கழற்றி நிலத்தைத் துப்புரவு செய்து முடிக்க 60 ஆண்டுகள் வரை விதிகள் இடமளிக்கின்றன. இத்தனைக்கும் வேண்டிய பணத்திற்கு நிதியம் உண்டு என்பது உண்மை. ஆணைக்குழு அதனைப் பரிசீலிப்பதும் உண்மை. அந்நிதியம் போதாவிடில் எவர் கதவைத் தட்டுவது? ஒவ்வொரு நிலையமும் வரையறுத்த பொறுப்புடைய தனித்தனிக் கம்பனியின் பெயரில் நிற்க, அதன் மேலுள்ள தாயும் கடனில் மூழ்கியிருப்பின், தட்டுவதற்குக் கதவே இராது. பணமில்லாத உரிமையாளர் கசிவைத் தேடமாட்டார், கண்டாலும் தோண்டமாட்டார். ஆகவே, ஐந்தொகைக் கணக்கில் இன்று எழுதப்படும் கடன் நாளை நிலத்தடி நீரில் எழுதப்படும்.

இது கற்பனையன்று. நியூயோர்க் மாநகருக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள இந்தியன் பொயின்ற் நிலையத்தின் உரிமை வரலாற்றைப் பாருங்கள். அதனை நிறுவியது கொன் எடிசன் என்னும் மின்சாரக் கம்பனி. மூன்றாம் உலை 1975 இல் மாநில மின் அதிகார சபைக்குப் போயிற்று. 2000 இலும் 2001 இலும் யாவும் என்டேர்ஜியிடம் வந்தன. முதலாம் உலை 1974 இலேயே நின்றுவிட்டது. ஆயினும் அதன் சுமை உரிமையாளர் கைகளில் மாறி மாறிச் சென்றது. 2005 இல் எரிபொருட் குளத்திலிருந்து கதிரியக்க நீர் கசிவது தெரியவந்தது. நிலத்தடி நீரில் திரித்தியமும், பின்னர் ஸ்ட்ரொன்சியமும் காணப்பட்டன. உறுதிகள் மாறின, ஊற்று மாறவில்லை.

சமஷ்டி ஆணைக்குழு திறந்துவிட்ட கதவை மூடியது ஒரு மாநில ஆணைக்குழு. நியூயோர்க் மாநிலப் பொதுச் சேவை ஆணைக்குழு 2010 மார்ச்சில் அத்திட்டத்தை நிராகரித்தது. புதுக் கம்பனியின் கடன் மிதமிஞ்சியது, அதன் தொழில் ஆபத்தும் பெரிது, ஆதலால் இது பொதுநலனுக்கு உகந்ததன்று என்பது தீர்ப்பு. அடுத்த மாதமே என்டேர்ஜி திட்டத்தைக் கைவிட்டது. பின்னர் நிகழ்ந்தவை அத்தீர்ப்பின் மதிநுட்பத்தைக் காட்டும். இயற்கை வாயுவின் விலை வீழ, மின்சார விலையும் வீழ்ந்தது. வேர்மொன்ட் யாங்கி 2014 இலும், பில்கிரிம் 2019 இலும், இந்தியன் பொயின்றின் எஞ்சிய இரு உலைகளும் 2020 இலும் 2021 இலும் மூடப்பட்டன. 350 கோடி டொலர் கடனுடன் எனெக்சஸ் அன்று பிறந்திருப்பின், அது எவ்வாறு தாங்கியிருக்கும்?

சமஷ்டியை நாடி நிற்கும் நாம் இங்கே கருத்தூன்ற வேண்டும். கதிரியக்கப் பாதுகாப்பில் மாநிலங்கள் தலையிட முடியாது, ஆனால் மின்சாரத்தின் பொருளாதாரம் பற்றி முடிவெடுக்கலாம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1983 இல் தீர்த்தது. இந்தியன் பொயின்றின் கதிரியக்க நீரை ஹட்சனில் விடுவதைத் தடுக்க நியூயோர்க் 2023 இல் இயற்றிய சட்டம், 2025 இல் சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தில் தோற்றது. 2010 இல் கடனைக் காட்டிச் சொன்ன மறுப்போ நின்றது. நீரைப் பற்றிப் பேச முடியாத மாநிலம் பணத்தைப் பற்றிப் பேசியே தன் மக்களின் நீரைக் காக்க வேண்டியிருக்கிறது! அதிகாரம் பகிரப்பட்டிருந்தமையாற்றான் அந்தச் சிறு வாசலாவது கிடைத்தது.

ஜேர்மனி வேறொரு வழியைக் காட்டிற்று. 2014 நவம்பர் இறுதியில் ஈ.ஓன் கம்பனி தன் அணு உலைகளைப் புதிய கம்பனியொன்றுக்குப் பிரித்துவிட முனைந்தது. பிரிந்து போனாலும் தாய்க் கம்பனியின் பொறுப்பு தீராது என்று அரசாங்கம் சட்ட மூலம் ஒன்றைக் கொணர்ந்ததும், 2015 செப்டம்பரில் ஈ.ஓன் தன் ஜேர்மன் உலைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 2017 இல் அணுமின் கம்பனிகள் கழிவைப் பேணுவதற்காக ஏறத்தாழ 2,400 கோடி யூரோவை அரச நிதியத்தில் செலுத்தின. அத்தொகை போதாவிடில் எஞ்சியது மக்கள் தலையில் விழும் என்ற குறை அங்கும் உண்டு. எனினும், பணம் முதலில், பிரிவினை பின்னர் என்ற ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது.

"அணு உலை இல்லாத நமக்கு இது எதற்கு?" என வினவுவோர் சுன்னாகத்துக் கிணறுகளை எட்டிப் பார்க்கட்டும். அங்கு எண்ணெய் கலந்த நிலத்தடி நீருக்காக, மின்சாரம் பிறப்பித்த நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அழித்தவரே இறுக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் உயிர். இறுப்பதற்கு ஒருவர் நிலைத்திருந்தாலன்றோ அவ்விதி உயிர் வாழும்? நமது தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 1993 இல் வர்த்தமானியில் வெளியான பட்டியல், ஆய்வுக்குரிய திட்டங்களை எண்ணியது. கம்பனிகள் கைமாறுவதை எண்ணவில்லை. மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் சட்டமோ 2024 இல் நிறைவேறி, 2025 இல் திருத்தப்பட்டது.

ஆதலின், நாம் கோர வேண்டியவை மூன்று. மின் நிலையம் எதுவாயினும், அதன் உரிமை மாறுமுன் சுற்றாடல் ஆய்வும், அயலில் வாழ்வோர் மொழியில் பகிரங்க விசாரணையும் நடைபெற வேண்டும். துப்புரவுக்கான பணம் கம்பனியின் கைக்கு எட்டாத நிதியமொன்றில் முற்கூட்டியே வைக்கப்பட வேண்டும். விற்றவரும் பிரித்தவரும் நிலம் துப்புரவாகும்வரை பொறுப்பினின்று விடுபடலாகாது. வழக்கறிஞர்கள் இவற்றைச் சட்டமாக வரைந்து கொடுக்கட்டும். கிணற்றுக்கு உரிமையாளரான கமக்காரர்கள் இவற்றைத் தம் பிரதிநிதிகளிடம் கேட்கட்டும். கம்பனி கலைந்து போகலாம். கிணறு எங்கே போகும்?